புள்ளிக்கு ஒரு விரல்: பாவித்த கீபோட்டும் தமிழ் விசைகளின் வரலாறும்

மெக்கானிக்கல் கீபோட் பற்றி இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகளை ஒருக்கா வரிசையாகப் பாருங்க. எந்த சுவிட்ச் கனம், எது மெத்து, எது சத்தம், எதில் 'மேடு' நல்லாத் தெரியும் என்று மணிக்கணக்காகப் பேசுவாங்க. ஒரு கேள்வியை மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டாங்க: நீங்கள் எந்த மொழியைத் தட்டப்போறீங்க? கேட்கத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறாங்க. ஆங்கிலம்தானே, வேற என்ன.

எங்களுக்கு அது வேற. எங்கட வாசகர் வட்டத்தில் இரண்டு மூன்று பேர் இப்ப ஊர்ப் பெரியவர்களின் கையெழுத்துக் கொப்பிகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு இருக்கிறாங்க. கோயில் திருவிழா முறைகள், வயல்வெளிகளின் பெயர்கள், குளத்துத் தண்ணீர் பங்கிட்ட கணக்குகள், கூத்துப் பாடல்கள். ஒரு கொப்பி என்றால் இருநூறு பக்கம். லப்டொப்பின் தட்டையான விசைகளில் இரண்டு கிழமை தட்டினால் வலது கை சின்னவிரல் நோகத் தொடங்கும். அப்போதுதான் 'நல்ல கீபோட் ஒன்று பாவித்ததாக வாங்கலாமா' என்ற கதை வரும். புதுசு வாங்க எங்களிடம் காசில்லை. பாவித்தது வாங்குவதென்றால் எந்த சுவிட்ச் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிய, ஏன் வலது கை சின்னவிரல் மட்டும் நோகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அந்தக் கேள்வி எங்களைச் சுண்டிக்குளிக்கும் சிங்கப்பூருக்கும் ஜேர்மனிக்கும் கூட்டிக்கொண்டு போகும்.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்தவர் ஆர். முத்தையா. 1907-ல் மலாயா போய், பிறகு சிங்கப்பூரில் கிளாக்கர் வேலை பார்த்தவர். ஆங்கில ரைப்ரைட்டரில் நாள் முழுக்கத் தட்டிய ஆளுக்கு, ஏன் இதில் தமிழ் வராது என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் தோன்றுவது லேசு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. பெரிசு சின்னது இரண்டையும் சேர்த்தாலும் 52. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. ஒரு ரைப்ரைட்டரில் இருக்கிற நாற்பத்துச் சொச்ச விசைகளில், ஷிப்ட் போட்டாலும், இத்தனையை ஏற்ற முடியாது. ஆகவே எழுத்தை உடைக்க வேண்டும். கொம்பைத் தனியே, அரவைத் தனியே, புள்ளியைத் தனியே வார்க்க வேண்டும்.

கொம்பும் அரவும் பிரச்சினை இல்லை. அவை எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவை. கொம்பைத் தட்டினால் தாள் ஓரிடம் நகரும், பிறகு எழுத்தைத் தட்டலாம். தலைவலி புள்ளியும் விசிறியும்தான். 'ம்' என்பதில் புள்ளி 'ம'வுக்கு மேலே உட்கார வேண்டும். 'மி'யில் விசிறி 'ம'வோடு ஒட்டி மேலே வளைய வேண்டும். சாதாரண விசை ஒன்றைத் தட்டினால் தாளைத் தாங்கும் கேரிஜ் உடனே ஓர் எழுத்து அகலம் தள்ளிப்போய்விடும். புள்ளி ஓரிடத்திலும் எழுத்து அடுத்த இடத்திலுமாக விழும். முத்தையா எடுத்த வழி நகரா விசை. அதாவது தட்டினால் எழுத்து தாளில் விழும், ஆனால் கேரிஜ் நகராது. முதலில் புள்ளி, கேரிஜ் அங்கேயே நிற்கும். பிறகு 'ம', அது அதே இடத்தில் புள்ளிக்குக் கீழே விழும், அப்போதுதான் கேரிஜ் நகரும். பிரெஞ்சு, ஜேர்மன் ரைப்ரைட்டர்களில் மேற்குறிகளுக்கு இந்த உத்தி இருந்தது. தமிழில் எந்தெந்தக் குறிகளை நகரா விசையில் வைக்க வேண்டும், அவை எல்லா மெய்களின் அகலத்துக்கும் எப்படிப் பொருந்த வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் அவருடைய வேலை. 'ர'வின் அகலம் வேற, 'ண'வின் அகலம் வேற. ஒரே புள்ளி இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்க.

அவருடைய பொறிகளை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் இருந்த சைடல் அன்ட் நவுமன் தொழிற்சாலை செய்து கொடுத்தது. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய 'பிஜு' என்ற சின்ன ரகம் தமிழ் ஆக்களிடம் பேர் எடுத்தது. உலகப் போருக்குப் பிறகு வேறு கொம்பனிகளும் தமிழ்ப் பொறி செய்தன. விசை ஒழுங்கில் காலப்போக்கில் மாற்றங்கள் வந்தன. ஆனால் அந்த மரபின் நடு வரிசை மட்டும் அசையவில்லை: இடது கைக்கு ய ள ன க ப, வலது கைக்கு அரவு, த, ம, ட, கடைசியில் புள்ளி. ரைப்பிங் வகுப்புக்குப் போன ஒருவரை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'யளனகப' என்று சொல்லுவார்.

இந்த வரிசையில் கடைசி எழுத்தைக் கவனியுங்க. புள்ளி. ஆங்கில விசைப்பலகையில் அந்த இடத்தில் இருப்பது அரைப்புள்ளி, ஒரு பக்கம் முழுக்கத் தட்டினாலும் இரண்டு தரம் வருமோ தெரியாது. தமிழிலோ மிக அதிகமாக வருகிற குறி புள்ளிதான். அதற்குப் பொறுப்பு வலது சின்னவிரல். அதற்கு மேலே, ஆங்கிலத்தில் 'பி' இருக்கிற இடத்தில், தமிழுக்கு இகர விசிறி. அதுவும் சின்னவிரல். அடிக்கடி வருகிற இரண்டு நகரா விசைகளும் கையின் ஆகப் பலவீனமான விரலுக்குக் கீழே.

இதை முத்தையாவின் மடத்தனம் என்று சிரிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. எனக்கு அப்படித் தெரியவில்லை. ரைப்ரைட்டரில் சாதாரண விசை ஒன்றைத் தட்டும்போது விரல் இரண்டு வேலை செய்கிறது: எழுத்துக் கம்பியைத் தூக்கி அடிக்க வேண்டும், கேரிஜை விடுவிக்கிற பொறியையும் தட்டிவிட வேண்டும். நகரா விசைக்கு இரண்டாவது வேலை இல்லை. கேரிஜ் உதறுகிற அந்தச் சின்ன அதிர்வும் இல்லை. பலவீனமான விரலுக்கு இலேசான விசை என்று பார்த்தால் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கு. இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவருக்கு, இப்ப புள்ளிதான் விழுந்தது, இன்னும் எழுத்து விழவில்லை என்று கை சொல்லும். கேரிஜ் உதறினால் எழுத்து முடிந்தது, உதறாவிட்டால் பாதியில் நிற்கிறது. இன்றைக்கு 'டக்டைல்' என்று சொல்லிக் காசு வாங்குகிற விஷயம், விரலுக்குத் தட்டுப்படும் செய்தி, தமிழ் ரைப்ரைட்டரில் இலக்கணத்தோடு சேர்ந்தே இருந்தது.

பிரச்சினை கணினி வந்தபோது. கணினி விசைகள் எல்லாம் ஒரே கனம். நகரா விசையின் சலுகை போய்விட்டது, இடம் மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

அதற்கு முதல் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாட்டில் ரைப்ரைட்டர் வெறும் மேசைச் சாமான் இல்லை. 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. அந்த வருஷம் ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டை வைத்தது எங்கட திருகோணமலையில்தான். மொழிச் சமத்துவமும் சமஷ்டியும் கேட்ட தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. சட்டம் என்பது கொழும்பில் நடக்கிற பேச்சு. கிராமத்துக்கு அது வந்து சேர்ந்தது ஒரு கடித வடிவில். காணி சம்பந்தமான கடிதம் சிங்களத்தில் வரும். அதை வாசித்துக் காட்ட ஆளைத் தேடிப் போக வேண்டும். ஓர் அலுவலகத்தின் மேசையில் எந்த மொழிப் பொறி இருக்கு, அதைத் தட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் உங்களுக்கு வருகிற கடிதத்தின் மொழியைத் தீர்மானித்தது. 1958-ல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது, அதற்கான ஒழுங்குவிதிகள் வர 1966 ஆகிவிட்டது. 1978 அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழி என்றது. 1987-ல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. தாளில் எல்லாம் வந்தாச்சு. ஆனால் பொறியும் தட்டுகிற ஆளும் இல்லாத கந்தோரில் சட்டம் சுவரில் தொங்குகிற கலண்டர் மாதிரித்தான்.

1980-களின் கடைசியிலும் 90-களிலும் கணினி வந்தபோது தமிழர்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பக்கம் போனாங்க. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், தமிழ்நாட்டில் கடைக்கு ஓர் எழுத்துரு. இலங்கையில் அச்சகங்களும் பத்திரிகைகளும் பாமினியைப் பிடித்துக்கொண்டன. பாமினி ஒரு எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து, ரைப்ரைட்டர் ஒழுங்கைக் கிட்டத்தட்ட அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தது. ஏற்கெனவே ரைப்பிங் படித்த ஆக்கள் அடுத்த நாளே வேலை தொடங்கலாம், அதுதான் அதன் வெற்றி. ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: புள்ளியும் விசிறியும் எழுத்துக்கு முன்னால் இல்லை, பின்னால் தட்ட வேண்டும். கேரிஜ் இல்லாத இடத்தில் நகரா விசைக்கு வேலை இல்லையே. கொம்பு மட்டும் பழையபடி முன்னாலேயே நின்றுவிட்டது.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் புதிசாக ஓர் ஒழுங்கு தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதுதான் தமிழ்99. அதைச் செய்தவர்கள் ரைப்ரைட்டரை மறந்துவிட்டுத் தமிழ் இலக்கணத்திலிருந்து தொடங்கினார்கள்: உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி எங்கே தெரியுமா? இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே. அதோடு, ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதுக்குத் தானாகவே புள்ளி விழும். 'ம'வுக்குப் பின் 'ப', 'ந'வுக்குப் பின் 'த' மாதிரி இன எழுத்துகள் வந்தாலும் தானாகப் புள்ளி விழும். ஆகப் பலமான விரல், அதிலும் பாதி வேலை மிச்சம். விரல்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் தமிழ்99 கெட்டிக்காரத்தனமான வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இலங்கை அந்த வழியில் போகவில்லை. இங்கே ரைப்ரைட்டர் மரபில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகை தேசிய நியமமாக, எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில், 2008-ல் வந்தது. சிங்களத்துக்கும் அதே கதைதான்: ரைப்ரைட்டர் காலத்து விஜேசேகர ஒழுங்குதான் அவர்களின் நியமம். ஆயிரக்கணக்கான ரைப்பிஸ்ட்மாரின் விரல் பழக்கத்தைத் தூக்கி எறிய ஒரு அரசாங்கமும் லேசில் துணியாது. நான் ரெங்கநாதனில்தான் தட்டுகிறேன். கந்தோரில், அச்சகத்தில், பத்திரிகையில் வேலை எடுக்க வேண்டுமென்றால் இங்கே அதுதான் தெரிய வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஒழுங்கைப் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. எங்கட ஊர்ப் பேரையே எடுப்பம்: தம்பலகாமம். பாமினியில் த, ம, புள்ளி, ப, ல, க, அரவு, ம, ம, புள்ளி. பத்துத் தட்டு. பழைய ரைப்ரைட்டரில் புள்ளி முன்னால் வரும், மற்றபடி அதே பத்து. கேரிஜ் எட்டுத் தரம் நகரும், இரண்டு தரம் நிற்கும். தமிழ்99-ல் 'ம்ப'வுக்குத் தானாகப் புள்ளி விழுவதால் ஒரு தட்டு மிச்சம். ஆனால் கடைசியில் 'மம்' வருகிறதே, அங்கே இரண்டு 'ம'வைச் சேர்த்துத் தட்டினால் 'ம்ம' ஆகிவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு 'அ' தட்ட வேண்டும். மிச்சம் பிடித்த தட்டு அங்கே போய்விடும். அதுவும் பத்து! மூன்று காலத்துப் பொறியிலும் எங்கட ஊர் பத்துத் தட்டுத்தான். வித்தியாசம், எந்த விரல் உழைக்கிறது என்பதில்.

சரி, இப்ப சுவிட்சுக்கு வருவம்.

மெக்கானிக்கல் கீபோட்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனி சுவிட்ச், உள்ளே ஒரு ஸ்பிரிங். மூன்று குடும்பம். அமத்த அமத்த வழுக்கிக்கொண்டு நேரே கீழே போவது ஒன்று. நடுவில் ஒரு மேடு தட்டுப்பட்டு, அதைத் தாண்டினால் எழுத்து விழுவது இரண்டாவது, அதுதான் டக்டைல். மேட்டோடு 'கிளிக்' என்று சத்தமும் போடுவது மூன்றாவது. மேடு எதற்கு? எழுத்து விழுந்துவிட்டது, இனி விரலை எடுக்கலாம் என்று சொல்லத்தான். கேரிஜின் உதறல் செய்த வேலை.

கணினி செய்தவர்களுக்கும் இது தெரியும். ஐபிஎம் கொம்பனியில் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் 1970-களில் வடிவமைத்த மடங்கும் ஸ்பிரிங் சுவிட்ச், விசை பாதி இறங்கியதும் ஸ்பிரிங் பக்கவாட்டில் மடிந்து 'டொக்' என்று அடிக்கும். எழுத்து விழுகிற கணமும் விரல் உணர்கிற கணமும் ஒன்றே. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியோடு மொடல் எஃப், பிறகு 1985-ல் மொடல் எம். இன்றைக்கும் மொடல் எம்மைக் கும்பிடுகிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கிறாங்க. எங்களுக்கு அது வேண்டாம் என்பேன். கனம்: ஒரு விசைக்கு 65, 70 கிராமுக்குக் கிட்ட அமத்த வேண்டும். பழைய மொடல் எம்மின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் ஆணித் தலைகள் வயசாக உடையும், உடைந்தால் சில விசைகள் சொல்வழி கேளாது. சத்தம் வேற. ஓலைக் கூரையோ தகரக் கூரையோ, ஒரே அறையில் நான்கு பேர் படுக்கிற வீட்டில் இரவு பத்து மணிக்கு மொடல் எம்மில் தட்டினால் உங்கட அம்மா கீபோட்டோடு உங்களையும் வெளியே போடுவா.

அல்ப்ஸ் என்ற ஜப்பான் கொம்பனியின் சுவிட்சுகள் 1980-களில் புழங்கின. செம்மஞ்சள், கிறீம், சாமன் நிறத் தண்டுள்ளவை நல்ல டக்டைல் ரகங்கள். மேடு தெளிவு, கூர்மை. ஆனால் அல்ப்ஸுக்குத் தூசி ஆகாது. உள்ளே தூசி போனால் கரகரவென்று உராயும், பிறகு கழுவினாலும் பழைய நிலைக்கு முழுசாக வராது. தம்பலகாமத்தில் வயல் வெட்டுகிற காலத்தில் மெஷின் ஓடும்போது காற்று முழுக்கச் சுணை. ஜன்னல் பூட்டினாலும் மேசையில் படியும். முப்பது நாற்பது வயசான அல்ப்ஸ் கீபோட் ஒன்றை இந்த ஊருக்குக் கொண்டுவருவது பாவம்.

இப்ப சந்தையில் ஆக அதிகம் கிடைக்கிறது செரி எம்எக்ஸ்சும் அதன் நகல்களும். அமெரிக்காவில் தொடங்கிய கொம்பனி, சுவிட்ச் செய்தது ஜேர்மனியின் ஔவர்பாக்கில். முத்தையாவின் பொறியும் ஜேர்மனி, இதுவும் ஜேர்மனி, தமிழ் விரல்களுக்கும் அந்த நாட்டுக்கும் ஏதோ கொடுப்பினை. எம்எக்ஸ் குடும்பத்தில் டக்டைல் என்றால் முக்கியமாக இரண்டு. ஒன்று கிளியர்: 65 கிராம் சொச்சம், மேடு பெரிசு, ஸ்பிரிங் கீழே போகப் போக இன்னும் இறுகும். மற்றது 1994-ல் வந்த பிரவுண்: 55 கிராம், மேடு சின்னது. கீபோட் பிரியர்களுக்குப் பிரவுண் ஒரு பகிடி. மேடே இல்லை, உள்ளே மண் போன மாதிரி இருக்கு என்பாங்க. கிளியரைத்தான் மதிப்பாங்க.

இங்கேதான் மொழி உள்ளே வருகிறது. ரெங்கநாதனில் வலது சின்னவிரல் செய்கிற வேலையைக் கூட்டிப் பாருங்க. புள்ளி அதற்கு. இகர, ஈகார விசிறிகள் அதற்கு. 'கு', 'சு', 'று', 'பு', 'னு' எல்லாம் ஷிப்ட் போட்டுத் தட்ட வேண்டும். அந்த எழுத்துகள் இடது கையில் இருப்பதால் முறைப்படி தட்டுகிறவர் வலது பக்க ஷிப்டைத்தான் அமத்துவார். அதுவும் வலது சின்னவிரல். 'கிழக்கு' என்ற ஒரு சொல்லில் மூன்று தரம்: விசிறி, புள்ளி, ஷிப்ட். ஆங்கிலம் தட்டுகிறவனுக்குச் சின்னவிரல் விருந்தாளி. எங்களுக்கு அது கூலிக்காரன். ஆங்கிலக்காரர் சொல்லுகிறார் என்று 65 கிராம் கிளியரை வாங்கி ஒரு கொப்பி முழுக்கத் தட்டினால் விரல் என்ன பாடுபடும்? பகிடி பண்ணப்படுகிற பிரவுண்தான் எங்களுக்குப் பொருத்தம். மேடு சின்னதாக இருந்தாலும் இருக்கு; கனம் குறைவு. கேட்டரோன் என்ற சீனக் கொம்பனியின் பிரவுண் செரியைவிட வழுக்கல், விலையும் குறைவு. தமிழ்99-ல் தட்டுகிறவர் தாராளமாகக் கிளியர் வாங்கலாம். அவருடைய புள்ளி ஆள்காட்டி விரலில் இருக்கு.

கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்த புது டக்டைல் ரகங்கள் மேட்டை விசையின் உச்சிக்கே கொண்டுபோய்விட்டன. ஹோலி பாண்டா மாதிரியானவற்றில் விரல் வைத்தவுடனேயே மேடு, பெரிய உருண்டை மேடு. இரண்டு வேறு சுவிட்சுகளின் பாகங்களை ஆர்வலர்கள் மாற்றிப் பூட்டிப் பார்த்ததில் பிறந்தது அது. ஒரு விசையை மட்டும் தட்டிப் பார்க்க அருமை. ஒரு பக்கம் தட்ட எனக்குச் சரிவரவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் சின்னக் குன்று ஒன்றை ஏறி இறங்குகிற வேலை. போபா யூ4 என்ற சத்தமில்லாத டக்டைல், இரவில் தட்டுகிறவர்களுக்கு உதவும், அதன் கனம் குறைந்த ரகம் கிடைத்தால்.

கெயில் கொம்பனியின் பொக்ஸ் சுவிட்சுகளை எங்கட ஊர்க் காலநிலைக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண எம்எக்ஸ் சுவிட்சில் தொடுப்புத் தகடு திறந்த மாதிரி இருக்கும். பொக்ஸில் அது ஒரு சின்னப் பெட்டிக்குள். தூசியும் ஈரமும் லேசில் போகாது. ஒரு பக்கம் வயல் சுணை, மறுபக்கம் குடாக்கடலின் உப்புக்காற்று என்று வாழுகிற எங்களுக்கு இது சும்மா விஷயம் இல்லை. ஆனால் 2018-க்கு முன்பின்னாக வந்த சில பொக்ஸ் சுவிட்சுகளின் தண்டு கொஞ்சம் தடிப்பு. விசைத் தொப்பிகளை வெடிக்கப்பண்ணும். பாவித்ததை வாங்கும்போது இரண்டு மூன்று தொப்பியைக் கழற்றி, அடியில் தண்டு புகுகிற குழலில் வெடிப்பு இருக்கா என்று வெளிச்சத்தில் பாருங்க.

கனவு கீபோட் என்றால் நான் சொல்லுவது டொப்ரே. ஜப்பான் தயாரிப்பு, ரப்பர் குமிழுக்குக் கீழே கூம்பு ஸ்பிரிங், உலோகத் தொடுப்பே கிடையாது. ஆகவே உப்புக்காற்றில் தொடுப்பு கறல் பிடிக்கிற கதை இல்லை. அதைவிட முக்கியம், ரியல்ஃபோர்ஸ் என்ற பேரில் வரும் சில டொப்ரே கீபோட்டுகளில் விரலுக்கு ஏற்ற கனம் போட்டிருக்காங்க: மற்ற விசைகளுக்கு 45 கிராம், சின்னவிரல் விசைகளுக்கு 30 கிராம். ஆங்கிலக்காரருக்கு இது ஒரு ஆடம்பரம், பலர் பிடிக்கவில்லை என்றும் சொல்லுகிறாங்க. ரெங்கநாதனுக்கு இது செய்துவைத்த மாதிரி இருக்கு. ரைப்ரைட்டரின் நகரா விசைக்கு இருந்த சலுகை, அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, தமிழைப் பற்றிக் கேள்விப்படாத ஒரு ஜப்பான் பொறியியலாளரின் கையால் திரும்பி வந்திருக்கு. பாவித்தது அகப்பட்டால், விலை கட்டுப்படியானால், விடாதீங்க. பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

அதற்கு ஏழைவழி ஒன்று இருக்கு. சுவிட்சைக் கையால் கழற்றி மாட்டக்கூடிய கீபோட் வாங்குவது. ஈயம் உருக்கத் தேவையில்லை. எல்லா இடத்துக்கும் பிரவுண் மாதிரி ஒன்றை வைத்துவிட்டு, புள்ளி, விசிறி, வலது ஷிப்ட் என்ற மூன்று இடத்துக்கு மட்டும் சுவிட்சைத் திறந்து கனம் குறைந்த ஸ்பிரிங் போடலாம். ஷிப்டுக்கு ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம், தொப்பி பெரிசு, திரும்பி மேலே வர வலு வேண்டும். நான்கு ஸ்பிரிங் நெளிந்து நாசமானாலும் ஐந்தாவது சரிவரும்.

இனி பாவித்ததைச் சோதிக்கிற முறை. விற்கிறவர் உங்களுக்கு முன்னால் ஆங்கில எழுத்து எல்லாவற்றையும் ஒருக்கா தட்டிக் காட்டுவார், எல்லாம் வேலை செய்யும். அதில் ஏமாறாதீங்க. ஆங்கிலம் தட்டிய கீபோட்டில் தேய்ந்திருப்பது ஈ, ஏ, இடைவெளி விசைகள். அரைப்புள்ளி விசை புதுசு மாதிரி இருக்கும், அது எங்களுக்கு அதிர்ஷ்டம். தமிழ் அச்சகத்திலிருந்து வந்ததென்றால் நேர் எதிர்: முதலில் அந்த விசையைத்தான் அமத்திப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற ஒன்றோடு ஒப்பிட்டு. மேடு மழுங்கியிருந்தால் விரலுக்குத் தெரியும். முந்தி வைத்திருந்தவர் எண்ணெயோ கிறீசோ போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்க. டக்டைல் சுவிட்சின் தண்டுக் காலில் கிறீஸ் கூடிப்போனால் மேடு கரைந்துபோகும். பிரவுணில் கொஞ்சம் கூடினாலே ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது இரட்டிப்பு. தொடுப்பில் கறல் பிடித்தால் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். ஆங்கிலத்தில் அது வெறும் எழுத்துப்பிழை. யுனிகோட்டில் புள்ளி இரட்டித்தால் இரண்டாவது புள்ளிக்கு உட்கார எழுத்து இல்லாமல் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று வந்து நிற்கும், அது சிலநேரம் கண்ணுக்கும் தப்பிவிடும், பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நூலகம் மாதிரியான எண்ணிம நூலகத்துக்கோ வேறு சேமிப்புக்கோ கொடுக்கிற பிரதியில் இப்படி இருந்தால் வயல்வெளியின் பெயர் இருந்தும் இல்லாத கணக்குத்தான். தமிழ்99-ல் மெய் இரட்டித்தால் இன்னும் மோசம், புள்ளியும் சேர்ந்து விழுந்து வேறொரு சொல்லாகவே மாறிவிடும்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, திருகோணமலைக் கடைகளிலோ, ஆளிடம் நேரேயோ, எங்கே வாங்கினாலும் கையில் ஒரு போனும் அதில் கீபோட்டைச் செருகுகிற சின்ன வயரும் கொண்டுபோங்க. போனில் ரெங்கநாதனைப் போட்டுக்கொண்டு 'தம்பலகாமம்' என்று இருபது தரம் தட்டுங்க. மூன்று 'ம', இரண்டு புள்ளி. அறுபது 'ம', நாற்பது புள்ளி. பிறகு 'கிழக்கு' இருபது தரம். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை, ஒன்றுகூட விடுபடவில்லை, சின்னவிரல் இன்னும் உங்களோடு கதைக்கிறது என்றால் விலை பேசலாம். தொப்பிகளில் தமிழ் எழுத்து இல்லையே என்று யோசிக்காதீங்க. மும்மொழி ஸ்டிக்கர் ஒட்டினால் ஆறு மாதத்தில் வியர்வைக்கு உரியும், பிசின் விரலில் ஒட்டும். 'யளனகப' என்று ஒரு கிழமை சொல்லிக்கொண்டு தட்டினால் போதும்.